ஊமைப் பேருடலும் பேசும் வாயும்: அமெரிக்கத் திகிற்படத்தில் மல்லர்

2006ஆம் ஆண்டு மே மாதம் 19ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் திரையரங்குகளிலே 'சீ நோ ஈவில்' என்னும் திகிற்படம் வெளியாயிற்று. கைவிடப்பட்ட விடுதியொன்றைத் துப்புரவு செய்வதற்கென அழைத்துவரப்பட்ட இளங்குற்றவாளிகளை, அங்கு மறைந்துறையும் பேருருவினன் ஒருவன் ஒவ்வொருவராகக் கொன்று, அவர்தம் கண்களைப் பிடுங்கிச் சேர்த்து வைப்பதே அதன் கதை. கொலைஞன் ஒருவன் கூரிய ஆயுதமேந்தி இளைஞர் பலரை ஒருவர்பின் ஒருவராக வேட்டையாடும் இத்தகைய படங்களை 'ஸ்லாஷர்' என வழங்குவர். ஏறத்தாழ 80 இலட்சம் டொலர் செலவிலே தயாரிக்கப்பெற்ற இப்படம் அமெரிக்காவில் மட்டும் 150 இலட்சம் டொலரளவில் ஈட்டியது. விமரிசகர்கள் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. கலைநோக்கில் மட்டும் பார்ப்பின் அவர்கள் செய்தது தவறென்று சொல்வதற்கில்லை.

எனினும் அப்படத்தில் வரலாற்று நோக்கினர் கவனிக்கவேண்டிய இரு செய்திகள் உள்ளன. கொலைஞனாகத் தோன்றியவர் நடிகரல்லர். 'கேன்' என்னும் பெயரால் அறியப்பட்ட தொழின்முறை மல்லர். படத்தைத் தயாரித்ததும் வழமையான திரைப்பட நிறுவனமன்று; 'வேர்ல்ட் றெஸ்லிங் என்ரரெயின்மென்ற்' என்னும் மற்போர்க் காட்சி நிறுவனமே தனது திரைப்படப் பிரிவின் வாயிலாக அதனைத் தயாரித்தது. கதையை எழுதிய டான் மடிகனும் அதே நிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு எழுதியவரே. மல்லனொருவனைக் கொலைஞனாகக் காட்டவேண்டுமென்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பயமுறுத்துவதற்குப் பெரிய உடம்பு வேண்டும், மல்லரிடம் அது உண்டு என்பது எளிய விடை. ஆனால் அது அரைவாசி விடையே. இப்பேருடல்களின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், அவற்றுள் மிகப் பல பேசாதனவாயிருத்தலையும், பேசாத உடல் ஒவ்வொன்றின் பின்னாலும் அதற்காகப் பேசுகின்ற, அதனை ஏவுகின்ற இன்னொருவர் நிற்பதையும் காணலாம்.

இவ்விரட்டையின் மிகப் பழைய திரைவடிவம் மல்லரோடு தொடர்புடையதன்று. 1920ஆம் ஆண்டு ஜேர்மனியிலே றொபேர்ட் வீன நெறியாண்ட 'டொக்டர் கலிகாரியின் பேழை' என்னும் மௌனப் படத்திலே அது முழுமையாக அமைந்துவிட்டது. ஊர்ச்சந்தையிற் கூடாரமடித்து, துயில்நடைக்காரனான சேசாரே என்பவனைப் பெட்டியிலிருந்து எழுப்பிக் காட்டிக் காசு பெறுபவன் கலிகாரி. பகலிற் காட்சிப்பொருளாயிருக்கும் சேசாரே இரவிலே அவனது ஏவலின்படி கொலை செய்கின்றான். சேசாரேக்குத் தன் விருப்பென ஒன்றில்லை. அவனது உடல் இன்னொருவனது உடைமை. சீக்பிறீட் கிறக்கவர் 1947இல் வெளியிட்ட தமது நூலிலே, கலிகாரியை வரம்பற்ற அதிகாரத்தின் வடிவமாகவும், சேசாரேயைக் கொல்லவும் கொல்லப்படவும் பயிற்றப்படும் பொதுமகனின் வடிவமாகவும் விளக்கினார். அவ்விளக்கத்திலே பின்னறிவின் சாயல் அதிகம் என்று குறைகூறியோர் உளர். அது எவ்வாறாயினும், கலிகாரி சந்தைக் காட்சிக்காரன் என்பதை மறந்துவிடலாகாது. இன்னொருவனின் உடலைக் காட்டிப் பிழைப்பவன் அவன்.

அமெரிக்கத் தொழின்முறை மற்போரும் பெருமளவில் அத்தகைய சந்தைக் கூடாரங்களிலேயே வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊரூராகச் சென்ற களியாட்டக் குழுக்கள் மல்லரையும் உடன்கொண்டு சென்றன. உள்ளூர் இளைஞரை அறைகூவி அழைத்தலும், அழைப்பை ஏற்போர் சிலர் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டவராயிருத்தலும், பணயம் வைத்தோர் ஏமாறுதலும் அங்கு வழமையாயிருந்தன. 1908இலும் 1911இலும் சிக்காகோவிலே பிராங்க் கொட்ச், ஜோர்ஜ் ஹக்கன்ஷ்மிட் ஆகியோர் பொருதபோது மற்போர் பெருந்திரளான மக்களை ஈர்க்கும் நிகழ்ச்சியாயிருந்தது. ஆயின் இரு வல்லார் மணிக்கணக்காகத் தரையிற் பிணைந்து கிடப்பதை நெடுங்காலம் காசு கொடுத்துப் பார்க்க மக்கள் ஒருப்படவில்லை. 1920களிலே எட் லூயிஸ், பில்லி சான்டோ, றூட்ஸ் மொண்ட் என்ற மூவர் கூட்டாக இயங்கி, முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்ட, விரைவும் பாய்ச்சலும் மிக்க காட்சியாக அதனை மாற்றியமைத்தனர். அன்றிலிருந்து மல்லன் போட்டியாளனல்லன், பாத்திரமேற்பவன். ஆனால் அவன் பாத்திரமேற்கின்றான் என்பதை வெளியிற் சொல்லலாகாது என்பதே தொழிலின் முதல் விதியாயிற்று.

பிரெஞ்சு அறிஞர் றோலான் பார்த் 1957இல் நூலாக்கிய தமது கட்டுரைத் தொகுதியின் தொடக்கத்திலேயே மற்போரை எடுத்துக்கொண்டார். மற்போர் விளையாட்டன்று, காட்சி என்பதும், அங்கே மல்லனின் உடலே அவனது குணத்தின் அறிவிப்பாக அமைகின்றது என்பதும் அவரது கருத்துக்கள். கொழுத்துத் தளர்ந்த மல்லனைக் கண்ட மாத்திரத்தே அவன் வஞ்சகன் என்பதைப் பார்வையாளர் உணர்ந்துகொள்கின்றனர். வடமோடிக் கூத்திலே வரவின்போதே உடையும் முடியும் ஆட்டமும் வருபவன் யாவன், எத்தகையன் என்பதை அறிவித்துவிடுதல் போன்றதே இது. கூத்தைப் பார்ப்பவர் எவரும் களரியில் நிற்பவன் மெய்யாகவே அரசனோ என ஐயுறுவதில்லை. ஐயுறாமலே அவனுக்காக அழவும் செய்கின்றனர். மற்போர்ப் பார்வையாளரை ஏமாளிகள் என்று இகழ்வோர் இதனைச் சிந்திப்பதில்லை.

பார்த் தொடாத ஒன்று உண்டு. உடல் எல்லாவற்றையும் சொல்லிவிடுமாயின் வாய் தேவையில்லை. அமெரிக்க மற்போரிலே பேருடலருக்கும் அந்நிய நாட்டினராகக் காட்டப்பட்டோருக்கும் 'மனேஜர்' எனப்பட்ட ஒருவர் துணையாக வருவது மரபாயிற்று. மல்லன் உறுமுவான், மனேஜர் பேசுவார். மல்லன் பேசத் தெரியாதவன் என்பதன்று காரணம். பேசாதவனாகக் காட்டப்படுவதே விலைபோயிற்று. இதற்கு ஜோர்ஜ் ஸ்டீல் என்ற மல்லரைக் காட்டினாற் போதும். மயிரடர்ந்த உடலும் பச்சை நிறமூட்டிய நாவுமாகத் தோன்றி, அரங்கின் மூலையிலுள்ள மெத்தைகளைக் கடித்துக் குதறி, ஓரிரு சொற்களை மட்டும் முனகிய அவரது பட்டப்பெயர் 'விலங்கு'. மெய்வாழ்விலோ அவர் முதுகலைப் பட்டம் பெற்றவர். மிச்சிகன் மாநிலத்திலே பாடசாலை ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் பணிபுரிந்தவர்.

1994இல் ரிம் பேர்ட்டன் நெறியாண்ட 'எட் வூட்' என்னும் படத்திலே ஸ்டீல் ஏற்ற பாத்திரம் தோர் ஜோன்சன் என்ற முந்தைய மல்லருடையது. சுவீடனிற் பிறந்து, மொட்டைத்தலையும் ஏறக்குறைய 400 இறாத்தல் நிறையுமாக அமெரிக்க மற்போரரங்குகளில் வலம்வந்த ஜோன்சனைத் திகிற்படத்தின் நிலையான உருக்களுள் ஒன்றாக்கியவர் எட் வூட் என்ற ஏழைத் தயாரிப்பாளர். உலகின் மிக மோசமான நெறியாளர் எனப் பின்னாளில் எள்ளப்பட்டவரும் இவரே. அவரது 'பிறைட் ஒப் த மொன்ஸ்ரர்' 1955இல் வெளியாயிற்று. அதிலே பேலா லூகோசி நடித்த வொர்னொவ் என்னும் விஞ்ஞானி, லோபோ என்னும் ஊமைப் பணியாளனைச் சவுக்கால் அடித்து ஏவுகின்றான். லோபோவாக வருபவர் ஜோன்சன். படத்தின் இறுதியிலே, சிறைப்பட்ட பெண்ணின்பால் இரக்கங்கொண்ட லோபோ எசமானுக்கு எதிராகத் திரும்பி, அவனை அவனது பொறியிலேயே கட்டிவிடுகின்றான். அட்டைச் சுவர்களும் அசையாத இறப்பர் எட்டுக்காலியும் நிரம்பிய அப்படத்திலே உண்மையான உணர்ச்சி பிறக்கும் இடம் இது ஒன்றே.

அதே நெறியாளரின் 'பிளான் நைன்' என்னும் படத்தில் ஜோன்சன் பொலிஸ் அதிகாரியாக வருகின்றார். சுவீடிய உச்சரிப்பு மாறாத சில சொற்களைப் பேசுகின்றார். சிறிது நேரத்திலே கொல்லப்பட்டு, வேற்றுலகத்தாரின் ஏவலுக்கு ஆட்பட்ட நடைபிணமாக எழுகின்றார். அவர் பேசிய பகுதியைக் கண்டு மக்கள் நகைத்தனர். பேசாத பகுதியே நினைவில் நின்றது. 1961இல் வெளியான 'த பீஸ்ட் ஒப் யுக்கா பிளாட்ஸ்' என்னும் படத்திலே, சோவியத் நாட்டிலிருந்து தப்பிவந்த விஞ்ஞானியாகத் தோன்றி, அணுகுண்டுச் சோதனைக் களத்திற் சிக்கி, கொலைவெறி கொண்ட விலங்காக மாறுகின்றார். கற்றவன் ஒருவன் மொழியிழந்து வெறும் உடலாதல் என்பதே அங்கும் நிகழ்கின்றது. ஜோன்சன் 1971இல் மறைந்தார். அவரது முகத்தை வார்ப்பாகக் கொண்ட இறப்பர் முகமூடி அமெரிக்கச் சிறுவர் பலரால் விரும்பி வாங்கப்பட்டது.

அயல்நாடாகிய மெக்சிக்கோவிலே நிலைமை முற்றிலும் வேறாயிருந்தது. வெள்ளி முகமூடி அணிந்த 'எல் சாந்தோ' என்னும் மல்லர் 1958 தொடக்கம் ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களிலே தோன்றினார். அங்கு இரத்தக் காட்டேரியும் பித்துக்கொண்ட விஞ்ஞானியும் எதிரிகள், மல்லரே மீட்பர். அவருக்கு எசமானர் எவருமில்லை. 1984இல் இறந்தபோது அவர் முகமூடியுடனேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரது பெயர் மகனுக்குரியதாயிற்று. மல்லனின் உடல் இயல்பாகவே அச்சத்துக்குரியதென்பது உண்மையாயின் இது நிகழ்ந்திராது. முகமூடியும் பெயரும் மல்லனுக்கும் அவன் குடும்பத்துக்கும் உரிமையாயிருந்த இடத்திலே அவன் வீரனாகவும், அவை காட்சிக்காரனுக்கு உரிமையாயிருந்த இடத்திலே அவன் பூதமாகவும் திரையேறினான் என்று கூறுவது சற்று மிகையாகலாம். ஆனால் முற்றாகப் புறந்தள்ளத்தக்கதன்று.

இனி ஸ்லாஷர் படங்களுக்கு வருவோம். 1960இல் ஹிச்கொக்கின் 'சைக்கோ' வழிகாட்டியது. 1974இல் 'த டெக்சஸ் செயின் சோ மசக்கர்' வெளியாயிற்று. 1978இல் ஜோன் காப்பென்டரின் 'ஹலோவீன்' மூன்று இலட்சத்துச் சொச்ச டொலர் செலவில் எடுக்கப்பட்டுப் பன்மடங்கு ஆதாயம் தந்தபோது இவ்வகை வேரூன்றிவிட்டது. முகமூடி, மௌனம், சாகாமை ஆகிய மூன்றும் இக்கொலைஞரின் இலக்கணமாயின. ஆனால் 'ஹலோவீன்' படத்தின் மைக்கல் மையர்ஸ் இராட்சத உருவினன் அல்லன். அப்பாத்திரத்தை ஏற்ற நிக் காசில் நடுத்தர உடல்வாகினர்; அயல்வீட்டு வேலியருகே நிற்கும் எவனோ ஒருவனாக இருந்தமையே அவ்வுருவின் அச்சம். மல்லனின் உடல் இக்கதைகளுக்குள் நுழைந்தது பின்னரே. அதுவும் திரையிலிருந்து நேராக வரவில்லை. மற்போரரங்கு ஸ்லாஷர் கொலைஞனை முதலில் இரவல் வாங்கிப் பின்னர் திரைக்கு மீளக் கொடுத்தது.

கிளென் ஜேக்கப்ஸ் 1967இல் ஸ்பெயினிலே, அமெரிக்க விமானப்படைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். மிசூரியில் வளர்ந்து பல்கலைக்கழகத்திலே ஆங்கில இலக்கியம் பயின்று பட்டம் பெற்றவர். 7 அடி உயரம் என விளம்பரப்படுத்தப்பட்ட அவரை, அக்காலத்தில் 'வேர்ல்ட் றெஸ்லிங் பெடறேசன்' எனப் பெயர்கொண்டிருந்த நிறுவனம் 1995இல் பல்வைத்தியராக அரங்கேற்றியது. சொத்தைப் பற்கள் தெரியச் சிரிக்கும் கொடூர வைத்தியர் அவர். அவ்வேடம் எடுபடவில்லை. 1996இல் 'டீசல்' என்ற பெயருடன் புகழ்பெற்றிருந்த கெவின் நாஷ் என்பவர் போட்டி நிறுவனத்துக்குச் சென்றுவிட, பெயர் தனது உடைமை எனக் கருதிய நிறுவனம், அதே உடையை உடுத்தி ஜேக்கப்ஸை 'டீசல்' ஆக நிறுத்தியது. பார்வையாளர் ஏற்கவில்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டின் உட்பொருள் தெளிவானது: பாத்திரம் நிறுவனத்துக்குரியது, அதனுள்ளே எவருடைய உடலையும் வைக்கலாம்.

1997 ஒக்டோபர் 5ஆந் திகதி அவர் 'கேன்' ஆக வெளிப்பட்டார். 'அண்டர்டேக்கர்' என்னும் பிணக்கோல மல்லரின் தம்பி, சிறுவயதிலே தீயில் வெந்தவன், முகத்தை மறைக்கும் செந்நிற முகமூடியினன், பேசாதவன். கம்பிக் கூட்டின் கதவைப் பிய்த்தெறிந்து அவர் நுழைந்த அக்காட்சி, அண்மைக்கால மற்போர் வரலாற்றிலே மிகச் சிறந்த வரவுகளுள் ஒன்று. மைக்கல் மையர்ஸ், 1980 தொடக்கம் வெளியான 'பிறைடே த தேர்ட்டீன்த்' படங்களின் ஜேசன் ஆகியோரின் சாயலை அவரிடத்துக் காணாதார் இலர். அவருடன் வந்து அவருக்காகப் பேசியவர் போல் பெயரர் என்ற மனேஜர். வெளுத்த முகமும் கீச்சுக்குரலும் கொண்ட அவர் மெய்வாழ்விலும் பிணங்களைப் பதனிடும் தொழிலுக்கு உரிமம் பெற்றவர். சேசாரேயும் கலிகாரியும் போல, லோபோவும் வொர்னொவும் போல, இவ்விரட்டை அமைந்தது. சில மாதங்களின் பின்னர் கேன் பேசத் தொடங்கியபோதுகூட, தொண்டையிற் பொருத்திய கருவியினூடாக எழும் இயந்திரக் குரலே அவருக்கு அளிக்கப்பட்டது. 2003 யூனில் முகமூடி களையப்பட்டது. ஆங்கில இலக்கியப் பட்டதாரியொருவர் தமது தொழில்வாழ்வின் புகழ்பெற்ற தொடக்க ஆண்டுகளை ஊமையாகக் கழித்தார் என்பதிலே நகைப்புக்கிடமில்லை. ஸ்டீல் அவருக்கு முன்னரே அவ்வழி நடந்தவர்.

இந்நிறுவனத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள 1989ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு பெப்ரவரியிலே நியூஜேர்சி மாநில சட்டசபையில், மற்போர் என்பது மெய்யான போட்டியன்று, பார்வையாளரை மகிழ்விக்கும் காட்சியே என நிறுவனத்தின் தரப்பிலிருந்து ஒப்புக்கொள்ளப்பட்டது. தலைமுறைகளாக மல்லர் கட்டிக்காத்த இரகசியம் விளையாட்டு ஆணையத்தின் மேற்பார்வையையும் வரியையும் தவிர்ப்பதற்காகவே வெளியிடப்பட்டது. விளையாட்டல்ல என்றால் அரங்கிலே வைத்தியர் நிற்கவேண்டுமென்ற கட்டாயமும் தளர்கின்றது. மல்லரோ ஊழியராகவும் கணிக்கப்படவில்லை. சுதந்திர ஒப்பந்தகாரர் என்பதே அவர்களுக்கு இடப்பட்ட பெயர். 2008இல் முன்னாள் மல்லர் மூவர் தாம் ஊழியரே என வழக்குத் தொடுத்தனர். 2009இல் அது தள்ளுபடியாயிற்று. பிறிதோரிடத்தில் வேலைசெய்ய இயலாத, பெயரையும் எடுத்துச்செல்ல இயலாத ஒருவரைச் சுதந்திரமானவர் என அழைப்பதற்கு விசேட மொழித்திறன் வேண்டும்.

2002இல் இந்நிறுவனம் திரைப்படப் பிரிவை ஏற்படுத்தியது. ஹல்க் ஹோகனை வீரனாக்கி 1989இல் எடுத்த 'நோ ஹோல்ட்ஸ் பார்ட்' படத்தின் அனுபவம் ஏற்கெனவே இருந்தது. 'த றொக்' என்ற மல்லர் 2002இல் 'த ஸ்கோர்ப்பியன் கிங்' மூலம் திரைநாயகரானபோது, மல்லரைத் திரைக்குக் கொடுப்பதிலும் தானே படமெடுப்பது இலாபம் என்பதை நிறுவனம் உணர்ந்துகொண்டது. திரையரங்குகளுக்காக அப்பிரிவு தானே எடுத்த முதற்படம் 'சீ நோ ஈவில்'. ஜோன் சீனா என்பவரின் வீரச்செயல்களைக் காட்டும் 'த மரீன்' அதன் பின்னரே வந்தது. வீரனுக்கு முன்னர் பூதம் விற்பனைக்கு வந்தமைக்குக் காலச்சூழலும் காரணம். 2004இல் 'சோ', 2006 தொடக்கத்தில் 'ஹொஸ்ரல்' என, உடலைச் சிதைக்கும் படங்கள் பெரும் வசூலீட்டிய காலம் அது. அவ்விரண்டையும் விநியோகித்த லயன்ஸ்கேற் நிறுவனமே இதனையும் விநியோகித்தது. அபு கிறாய்ப் சிறையின் சித்திரவதைப் படங்கள் 2004இல் வெளியானதோடு இவ்வலையைத் தொடர்புபடுத்தி எழுதிய விமரிசகரும் உளர்.

விளம்பர முறை தனியே குறிப்பிடத்தக்கது. படம் வெளியாகும் வாரங்களிலே, தொலைக்காட்சி மற்போரில் 'மே 19' என்ற சொல் காதில் விழுந்தவுடனே கேன் வெறிகொள்பவராகக் காட்டப்பட்டார். அவரது பாத்திரத்தின் துயர நினைவு நாளும் படத்தின் வெளியீட்டு நாளும் ஒன்றாயின. அதன் தொடர்ச்சியாகப் பழைய முகமூடியும் உடையும் அணிந்த இன்னொருவர் கேனாக வந்து கேனையே தாக்கினார். பத்தாண்டுகளுக்கு முன்னர் இன்னொருவரின் உடைக்குள் வைக்கப்பட்டவர், இப்போது தமது உடைக்குள் இன்னொருவர் நிற்பதைக் கண்டார். படத்தைவிட இவ்விளம்பரக் கதையிலேயே திகில் அதிகம் எனலாம்.

படத்தை நெறியாண்டவர் கிறெகரி டார்க். இசைக் காணொளிகளிலும் அதற்கு முன்னர் வயதுவந்தோர்க்கான படங்களிலும் பணியாற்றியவர். கதை அமெரிக்காவில் நிகழ்வதாயினும் படமாக்கப்பட்டது அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலேயே. கொலைஞனின் பெயர் ஜேக்கப் குட்னைற். நடிப்பவரின் குடும்பப்பெயரே கொலைஞனின் முதற்பெயராக அமைந்தது தற்செயலன்று. சிறுவயதிலே மதவெறி பிடித்த தாயினாற் கூண்டில் அடைக்கப்பட்டு வளர்ந்தவன் அவன். மனிதரின் கண்களிலே பாவத்தைக் காண்பவன். இளைஞரை விடுதிக்கு வரவழைத்தவளும் தாயே என்பது இறுதியில் வெளிப்படுகின்றது. மகனைச் சுட்ட பொலிஸ் அதிகாரியைப் பழிவாங்குதல் அவளது நோக்கம். முதுகிலே சிலுவை பச்சைகுத்திய பெண்ணொருத்தியைக் கொலைஞன் கொல்லாது விடுகின்றான். முடிவிலே தாயைத் தானே கொன்றுவிடுகின்றான்.

தாயின் பாத்திரம் 'சைக்கோ' படத்திலிருந்தும் 'பிறைடே த தேர்ட்டீன்த்' படத்திலிருந்தும் பெறப்பட்டது என்பர். அது சரியே. ஆனால் அதைவிட நெருங்கிய முன்னோடி 1955இன் லோபோ. பெண்ணொருத்தியின் பொருட்டுத் தயங்கி, ஏவியவருக்கு எதிராகத் திரும்பும் ஊமைப் பேருடல் என்ற அமைப்பு அப்படியே இருக்கின்றது. கூண்டு, ஏவல், மௌனம், பின்னால் நின்று பேசும் வாய், இறுதிக் கலகம் ஆகிய யாவும் கூடியுள்ளன. கலகத்தின் பயன்தான் வேறு. லோபோ எசமானைக் கட்டும்போது பார்வையாளன் லோபோவின் பக்கம் நிற்கின்றான். குட்னைற் தாயைக் கொன்ற பின்னரும் கொலைஞனாகவே எஞ்சுகின்றான். சாளரத்தினூடாக வீழ்ந்து கண்ணாடி மார்பிற் பாயக் கிடக்கின்றான். கடைசிக் காட்சியிலே தெருநாயொன்று அவனது கண்குழியிற் சிறுநீர் கழிக்கின்றது. அரைநூற்றாண்டுக்குள் அமெரிக்கச் சினிமா இவ்வுடலின்பாற் கொண்டிருந்த சிறு இரக்கமும் வற்றிவிட்டமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. மற்போரரங்கிலே ஒருவன் மற்றவனைத் தலைக்குமேல் தூக்கித் தரையில் அடிக்கும்போது, விழுபவனின் கழுத்தைக் காக்கும் பொறுப்புத் தூக்கியவனுடையது. அடிப்பதுபோற் காட்டிக் காப்பதே அத்தொழிலின் நுட்பம். ஒவ்வொரு இரவும் இருவர் தம் உடலை ஒருவர் மற்றவரிடம் நம்பி ஒப்படைக்கின்றனர். கேன் அத்தொழிலிலே தேர்ந்தவர். திரையிலோ வலியைக் காட்டுவது படத்தொகுப்பும் ஒப்பனையுமே. ஆகவே பல்லாண்டுப் பயிற்சிக்கு அங்கு வேலையில்லை. 300 இறாத்தலுக்கு மேற்பட்ட நிறைக்கு மட்டுமே வேலை.

அத்தொழில்நுட்பம் தவறும்போது நிகழ்வது மெய்யான மரணம். 1999 மே 23ஆந் திகதி கன்சாஸ் நகரிலே ஓவன் ஹார்ட் என்ற மல்லர் அரங்கின் கூரையிலிருந்து இறக்கப்படுகையில் வீழ்ந்து இறந்தார். நிகழ்ச்சி நிறுத்தப்படாமல் தொடர்ந்தது. 2005 நவம்பரிலே எடி குரேரோ 38ஆம் வயதில் இதயநோயால் மாண்டார். 2007 யூன் 11ஆந் திகதி நிறுவனத் தலைவர் வின்ஸ் மக்மேன் கார்க் குண்டுவெடிப்பிற் கொல்லப்பட்டதாகக் கற்பனைக் கதையொன்று ஒளிபரப்பப்பட்டது. அக்கதை தொடர்ந்துகொண்டிருந்த வேளையிலேயே கிறிஸ் பென்வா என்ற மல்லர் தம் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்று தம்முயிரையும் போக்கிக்கொண்டார். யூன் 25ஆந் திகதி, கதைப்படி இறந்திருக்கவேண்டிய தலைவர் வெற்றரங்கில் நின்று மெய்யான இறப்பை அறிவித்தார். யார் கொன்றார் என்பது முழுமையாகத் தெரியவருமுன்னரே மூன்று மணிநேர அஞ்சலி ஒளிபரப்பாயிற்று. மறுநாள் தொடக்கம் அம்மல்லரின் பெயரே நிறுவனத்தின் நாவிலிருந்து அகற்றப்பட்டது. அவரது மூளையை ஆய்ந்தோர், தலையில் மீண்டும் மீண்டும் ஏற்பட்ட தாக்கங்களின் விளைவான கடுஞ்சேதத்தைக் கண்டனர். அச்சேதம் அக்கொலைகளுக்கு எவ்வளவு காரணம் என்பது மருத்துவரிடையே விவாதத்துக்குரியது. நாற்காலியால் தலையில் அடிப்பதை நிறுவனம் தடைசெய்தது 2010இலேதான். மல்லனைக் கொலைஞனாகக் காட்டிக் காசுபெற்ற படத்துக்கும் இந்நிகழ்வுக்கும் இடையே ஓராண்டும் சில வாரங்களுமே. இரண்டையும் காரணகாரியமாக இணைப்பது அறியாமை. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பாராதிருப்பதும் நேர்மையன்று.

அதே 2007இல் றொப் சொம்பி மீளவெடுத்த 'ஹலோவீன்' படத்திலே மைக்கல் மையர்ஸாக வந்தவர் கனடிய மல்லரான ரைலர் மேன். 1978இன் நடுத்தர உடலின் இடத்தைப் பேருடல் பிடித்துக்கொண்டது. ஆயினும் மற்போர் நிறுவனத்தின் போக்கு மாறத் தொடங்கியது. 2008இல் தனது தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சிறுவருக்கும் ஏற்றனவாக அது மாற்றிக்கொண்டது. 2014இல் வெளியான 'சீ நோ ஈவில்' இரண்டாம் பாகம் பெரும்பாலும் வீட்டுப் பார்வைக்கே சென்றது. சொஸ்கா சகோதரியர் இருவர் நெறியாண்ட அப்படம் முதலாவதிலும் கட்டுக்கோப்பானது. பிணவறையில் எழும் குட்னைற் அங்கே முகமூடியொன்றை எடுத்து அணிந்துகொள்கின்றான். 2003இல் மல்லரிடமிருந்து கழற்றப்பட்டது திரையில் மீண்டும் மாட்டப்படுகின்றது.

கிளென் ஜேக்கப்ஸ் 2018 ஓகஸ்டிலே ரெனசி மாநிலத்தின் நொக்ஸ் மாவட்ட மேயராகத் தெரிவுசெய்யப்பட்டார். 2022இல் மீண்டும் வென்றார். அரசின் தலையீட்டை எதிர்க்கும், கட்டற்ற சந்தையைப் போற்றும் கொள்கையினர் அவர். அவரது தொழில்வாழ்வை இங்கு கண்டவாறு பொருள்கொள்வதை அவர் ஏற்கமாட்டார் என்றே எண்ணலாம். வாக்குக் கேட்கும் மேடைகளிலே அவர் தம் சொந்தப் பெயரிலும் சொந்தக் குரலிலும் நீண்டநேரம் பேசினார். 2021இல் நிறுவனம் தனது புகழ்வரிசையிற் சேர்த்துக்கொண்ட பெயர் 'கேன்' என்பதே.